போனில் கேட்கும் விபரங்களும் நாம் கொடுக்கும் சம்மதமும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டன், கொட்டகலை, பண்டாரவளைப் பக்கம் இளைஞர் கழகங்களிலும் மாதர் சங்கங்களிலும் பேசப் போனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் பாதிப் பேர் விபரம் கொடுக்கிறவர்கள்: தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள், கொழும்பில் கடையில் நிற்கும் பையன்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் பெற்றோர். மீதிப் பேர் விபரம் சேர்க்கிறவர்கள்: பல்கலைக்கழக மாணவர்கள், என்ஜிஓ கள உத்தியோகத்தர்கள், பேஸ்புக் பக்கம் நடத்தும் தம்பிமார். இரு தரப்புக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியாது என்று சொல்ல வழியில்லாத இடத்தில் வாங்கிய சம்மதத்தை நான் சம்மதமாக ஏற்பதில்லை. கீழே வரும் பதில்களெல்லாம் அந்த இடத்தில் நின்று சொன்னவைதான்.

சம்மதம் என்றால் 'சரி' என்று சொல்வதுதானே? இதில் விளங்கப்படுத்த என்ன இருக்கிறது?

இலங்கையின் 2022-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்துக்குச் சில தகுதிகளை வைக்கிறது. அது சுதந்திரமாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும். இன்ன காரியத்துக்கு என்று குறிப்பாக இருக்க வேண்டும். விஷயம் தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். எழுத்தாலோ தெளிவான ஒரு செயலாலோ சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிவித்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பேசாமல் இருந்தவர் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்கெனவே 'சரி' போட்டு வைத்த கட்டமும் செல்லாது.

எங்கள் பக்கம் பெரும்பாலும் இடறுவது அந்த முதல் தகுதியில்தான். கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கிறது. கணக்கப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார். வெளியிலிருந்து வந்தவர் கையில் ஒரு கத்தைப் படிவத்தோடு, "அக்கா, ஒரு சின்ன ஆய்வு, துரைகிட்ட பெர்மிஷன் எடுத்தாச்சு, இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்கிறார். அந்த அக்கா கையெழுத்துப் போடுவார். அவருக்குக் கேட்டதெல்லாம் 'துரைகிட்ட பெர்மிஷன் எடுத்தாச்சு' என்பது மட்டும்தான். மாட்டேன் என்றால் நாளைக்கு வேலையில் ஏதும் வருமோ என்ற யோசனை ஓடும்போது, படிவம் எவ்வளவு அழகான தமிழில் இருந்தும் பயனில்லை. தோட்டத்துக்குள் வர துரையின் அனுமதி வேண்டும்தான். அது வாசலைத் திறக்கும். உள்ளே இருக்கிற ஆளின் சம்மதத்தை அவரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் துரையும் கணக்கப்பிள்ளையும் இல்லாத இடத்தில்.

இந்தச் சிந்தனை வைத்தியத் துறையிலிருந்து வந்தது. நாஜி முகாம்களில் கைதிகள் மீது பரிசோதனை செய்த வைத்தியர்களை விசாரித்த நூரம்பேர்க் நீதிமன்றம், 1947-இல் எழுதிய விதிகளில் முதலாவதாக வைத்தது மனிதரின் சுயவிருப்பமான சம்மதத்தை. இன்று பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுக்கள் கேட்கும் படிவங்களெல்லாம் அந்த வழியில் வந்தவை.

பேஸ்புக் கணக்கு திறக்கும்போதே எல்லா நிபந்தனைக்கும் சம்மதித்துவிட்டோமே. இனி என்ன பேசுவது?

நிறையப் பேசலாம். ஒரு சராசரி இணையப் பாவனையாளர் தான் போகும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை முழுதாக வாசித்தால் வருடத்துக்குச் சுமார் 244 மணித்தியாலம் செல்லும் என்று 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டார்கள். அதுவும் ஆங்கிலம் சரளமாக வாசிப்பவருக்கு. வாசிக்க முடியாதபடி எழுதிய ஒன்றுக்கு அழுத்திய பொத்தானை 'விஷயம் தெரிந்து கொடுத்த சம்மதம்' என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

2012 ஜனவரியில் ஒரு வாரம், பேஸ்புக் 6,89,003 பேரின் முகப்பில் வரும் பதிவுகளை அவர்களுக்குத் தெரியாமல் மாற்றியது. சிலருக்குச் சந்தோஷமான பதிவுகளைக் குறைத்தது, சிலருக்குக் கவலையான பதிவுகளைக் குறைத்தது. பிறகு அவர்களே என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தது. 2014-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தபோது, கணக்கு திறக்கும்போது ஏற்றுக்கொண்ட கொள்கையே சம்மதம் என்றார்கள். அந்தக் கொள்கையில் 'ஆராய்ச்சி' என்ற நோக்கம் சேர்க்கப்பட்டதோ 2012 மே மாதம், சோதனை முடிந்த பிறகு. கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே, சம்மதம் பெற்ற விதமும் விலகிக்கொள்ள வாய்ப்புக் கொடுக்காததும் கவலை தருவதாகத் தனியாக ஒரு குறிப்புப் போட்டது.

அந்த வாரம் யாராவது ஏற்கெனவே மனம் உடைந்து இருந்திருந்தால்? அவரிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் அதுதான் உறுத்துகிறது.

என் கணக்கை டவுனில் போன் கடைத் தம்பிதான் திறந்து கொடுத்தார். அப்போது சம்மதித்தது யார்?

அவர்தான் அழுத்தினார், பொறுப்பு மட்டும் உங்கள் தலையில். தோட்டங்களில் இது ரொம்ப சாதாரணம். போன் வாங்கிய அன்றே கடையில் பேஸ்புக்கும் ஜீமெயிலும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கடைசியில் பார்த்தால் கணக்கு கடைக்காரரின் மின்னஞ்சலில் இருக்கும், கடவுச்சொல் அவர் கொப்பியில் இருக்கும், பிறந்த திகதி அவர் நினைத்தது. அவர் நல்ல பையனாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் கொப்பி யார் கைக்கும் போகலாம்.

வீட்டில் விளங்கிய பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செட்டிங்ஸுக்குப் போங்கள். தொடர்பு விபரத்தில் உங்கள் இலக்கம் மட்டும் இருக்கட்டும், தெரியாத மின்னஞ்சலை நீக்குங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும் பட்டியலில் உங்களுடையது தவிர்ந்த எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஓடிபி வருவது அந்த இலக்கத்துக்குத்தானே.

நான் பல்கலைக்கழக மாணவன். பேஸ்புக்கில் எல்லோருக்கும் தெரியும்படி போட்டதை ஆய்வுக்கு எடுக்கலாம்தானே?

தம்பி, தங்கச்சிமார் அதிகம் கேட்பது இதைத்தான். உங்களால் பார்க்க முடிகிறது என்பதும், எடுத்துச் சேகரித்து வெளியிடலாம் என்பதும் ஒன்றல்ல. சம்பளம் போதவில்லை என்று ஒரு பெண் தன் பதிவில் எழுதும்போது மனதில் வைத்திருப்பது தன் சொந்தபந்தங்களையும் தோட்டத்து ஆட்களையும். ஆய்வேட்டின் 43-ஆம் பக்கத்தில் தன் வரி வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

2016-இல் டென்மார்க்கில் ஒரு மாணவர் குழு, ஓகேகியூபிட் என்ற துணை தேடும் தளத்திலிருந்து ஏறக்குறைய 70,000 பேரின் விபரங்களை எடுத்து இணையத்தில் கொட்டியது. 'ஏற்கெனவே பொதுவில் இருந்ததுதானே' என்பதுதான் அவர்கள் சொன்ன நியாயம். பாலியல் விருப்பம் பற்றிய பதில்கள்கூட பயனர் பெயரோடு அதில் இருந்தன. கடுமையான கண்டனம் எழுந்து, அது நீக்கப்பட்டது. நீக்குவதற்குள் யார் யார் எடுத்து வைத்துக்கொண்டார்களோ.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நம் ஊர் சின்னது. 'மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை, வயது 34, கணவர் கட்டாரில்' என்று எழுதினால் பெயர் எதற்கு? படிக்கிற முதல் ஆளே சொல்லிவிடுவார். அதேபோல, பதிவின் வரியை அப்படியே மேற்கோளாகப் போட்டால், அந்த வரியைத் தேடலில் கொடுத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். கருத்தை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், தோட்டத்தின் பெயரைப் பிரதேசமாக்குங்கள், வயதை 'முப்பதுகளில்' என்று வையுங்கள். அவர் வார்த்தையே வேண்டுமென்றால் மெசெஞ்சரில் நாலு வரி எழுதிக் கேளுங்கள். நன்றாகக் கேட்டால் பெரும்பாலோர் கொடுப்பார்கள், சில வேளை நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே சொல்லுவார்கள்.

ஒழுக்கநெறிக் குழுவின் அங்கீகாரத்தை வேலை தொடங்கும் முன்பே எடுங்கள். தரவைச் சேர்த்த பிறகு அங்கீகாரம் கேட்பது எந்தப் பல்கலைக்கழகத்திலும் சிக்கல்தான்.

வட்ஸ்அப் குழுவில் அட்மின் சம்மதித்தால் போதாதா?

போதாது. அட்மின் உங்களை உள்ளே சேர்க்கலாம், மற்ற இருநூறு பேருக்காகவும் அவர் பேச முடியாது. குழுவுக்குள் நுழைந்தவுடன் எல்லோரின் தொலைபேசி இலக்கமும் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யார், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று முதல் நாளே குழுவில் எழுதுங்கள். புதிதாக ஆட்கள் சேரச் சேர அதைத் திரும்பப் போடுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அவர் எழுதியதைத் தொடாதீர்கள்.

ஒருவரின் 'சரி' இன்னொருவரைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா. பேஸ்புக்கில் ஒரு ஆளுமைப் பரீட்சைச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். அவர்களின் நண்பர்கள் வழியாக விபரம் போனது 8 கோடி 70 இலட்சம் பேர் வரை என்று 2018-இல் பேஸ்புக் நிறுவனமே சொன்னது. அடுத்த வருடம் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 500 கோடி டொலர் அபராதம் விதித்தது. 'போன பிறவியில் நீ என்னவாக இருந்தாய்' என்ற மாதிரி விளையாட்டு லிங்க் வரும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைக் கேட்காமல் கண்ட குழுக்களில் சேர்க்கிறார்களா? வட்ஸ்அப்பின் தனியுரிமை அமைப்பில் 'குழுக்கள்' என்ற இடத்தில், என் தொடர்புகள் மட்டும் சேர்க்கலாம் என்று மாற்றிவிடலாம்.

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம்தானே? கேட்டால் கொடுத்தால் என்ன?

கையில் பழைய அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். இலக்கம் 85562 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு எண் பிறந்த வருடம்: 1985. அடுத்த மூன்று எண் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 562-இல் 500 போனால் 62. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவதால், 62-ஆவது நாள் மார்ச் 2. ஆக, ஐந்து எண்ணைப் பார்த்தே, இவர் 1985 மார்ச் 2-இல் பிறந்த பெண் என்று சொல்லிவிடலாம். 2016 முதல் வந்த பன்னிரண்டு எண் இலக்கத்திலும் இதே முறைதான், வருடம் மட்டும் நான்கு எண்ணாக முழுதாக இருக்கும்.

பழைய இலக்கத்தின் கடைசியில் உள்ள எழுத்தும் பேசும். 'வி' இருந்தால் வாக்குரிமை உள்ளவர். 'எக்ஸ்' இருந்தால் அட்டை கொடுத்த காலத்தில் வாக்குரிமை இல்லாதவர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் தொடங்கி 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை குடியுரிமைக்காகக் காத்திருந்த மக்களிடம், அந்த ஓர் எழுத்து என்ன சொல்லும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

பிறந்த திகதி, ஆணா பெண்ணா, பெயர், தொலைபேசி இலக்கம். இத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்தால் உங்கள் பெயரில் சிம் எடுக்க, கடன் கேட்க, கணக்கு மீட்க முயற்சி செய்ய ஒருவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே 'பரிசுக் கூப்பன்', 'இலவச டேட்டா' என்று வரும் படிவத்தில் இந்த இலக்கம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

மண்சரிவு, வெள்ளம் வந்தால் நிவாரணத்துக்குப் பெயர், அடையாள அட்டை எல்லாம் கேட்கிறார்கள். அப்போதும் யோசிக்க வேண்டுமா?

கொடுக்கிறவர் யோசிக்கும் நிலைமையில் இருக்க மாட்டார். அதனால் சேர்க்கிறவர்தான் அவருக்காகவும் யோசிக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனது. அதன் பிறகும் ஒவ்வொரு பருவமழைக்கும் எங்கோ ஒரு தோட்டத்து ஆட்கள் பாடசாலையில் தங்குகிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் யாராவது ஒரு படிவம் செய்து லிங்க் அனுப்புவார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, கர்ப்பிணி யார், நோயாளி யார் என்று எல்லாம் எழுதிய பட்டியல் ஸ்கிரீன்ஷொட்டாகக் குழு குழுவாகச் சுற்றுகிறது. பாய் கொடுக்க வங்கிக் கணக்கு இலக்கம் எதற்கு?

அந்த நேரத்துக்குத் தேவை எத்தனை பேர், அதில் சிறுபிள்ளைகள் எத்தனை, எந்த முகாம், தொடர்புக்கு ஒருவர். அவ்வளவுதான். அடையாள அட்டை இலக்கம் கிராம உத்தியோகத்தரின் பதிவுக்குப் போகட்டும். பட்டியல் இரண்டு பேர் கையில் மட்டும் இருக்கட்டும், வேலை முடிந்ததும் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று ஆட்களுக்குச் சொல்லுங்கள்.

பொருளை நீட்டும்போது எடுக்கிற படம் இன்னொன்று. உலர் உணவுப் பொதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஈரச் சேலையோடு கமெராவைப் பார்க்கிற பெண்ணின் முகத்தை நன்கொடையாளர் பார்க்க வேண்டிய தேவை என்ன? பொதிகளை அடுக்கி வைத்துப் படம் எடுத்தாலும் கணக்குக் காட்டலாம். படத்துக்கு நிற்காவிட்டால் பொதி கிடைக்காதோ என்ற பயம் இருக்கும் இடத்தில் 'படம் எடுக்கட்டுமா' என்று கேட்பதே நியாயமில்லை.

கொழுந்து பறிக்கும்போது சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போடுகிறார்கள். தடுக்கலாமா?

வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கையை அசைத்து முகத்தைத் திருப்பினாலே பலருக்கு விளங்கும். காசு வாங்கிக்கொண்டு நின்றாலும், எங்கே போடுவார்கள் என்று கேட்பதில் தப்பில்லை. கூட வரும் வழிகாட்டித் தம்பிமார் இதை முன்கூட்டியே பயணிகளுக்குச் சொல்லி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பிள்ளைகளின் படம், புலமைப்பரிசில் புள்ளி எல்லாம் பக்கத்தில் போடலாமா? பெருமைக்குத்தானே போடுகிறோம்?

பெருமை பெற்றோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும். பெயர், படம், பள்ளிக்கூடம், சுட்டெண், புள்ளி எல்லாம் ஒரே பதிவில் இருந்தால், முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட அது போதும். நமது தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைப் பிள்ளை என்று எடுத்து, பிள்ளைகளின் தரவைச் சிறப்பு வகையில் சேர்க்கிறது. இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம் ஆகியவையும் அந்த வகைதான்.

என் கருத்தில், பெற்றோரைக் கேட்பதோடு பிள்ளையையும் கேட்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் முகம் எங்கே வரலாம் என்று சொல்லத் தெரியும். வெட்டுப்புள்ளிக்குக் கீழே எடுத்த பிள்ளை அதே வகுப்பில் இருக்கிறது என்பதையும் ஆசிரியர்கள் மறக்க வேண்டாம்.

வெளிநாட்டு வேலைக்குக் கடவுச்சீட்டுப் பிரதியை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள்.

முதலில் அந்த முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள், இலக்கம் 1989. பேஸ்புக் பதிவின் கருத்துப் பகுதியில் கடவுச்சீட்டுப் படத்தைப் போடவே கூடாது. அனுப்பத்தான் வேண்டும் என்றால் பிரதியின் குறுக்கே 'இன்ன வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று திகதியோடு எழுதி அனுப்புங்கள்.

கடன் தரும் செயலி என் தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கிறது. கொடுக்காவிட்டால் கடன் இல்லையாம்.

கொடுக்காதீர்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் அண்ணி, சித்தப்பா, டீச்சர் யாருமே அந்தச் செயலிக்குச் சம்மதம் சொல்லவில்லை. தவணை பிந்தினால் அவர்களுக்கெல்லாம் அழைப்பெடுத்து உங்கள் மானத்தை வாங்குவதற்குத்தான் அந்தப் பட்டியல். ஏற்கெனவே கொடுத்திருந்தால் போனின் செட்டிங்ஸில் செயலிகளுக்குப் போய் 'தொடர்புகள்' அனுமதியை எடுத்துவிடுங்கள். போனது போனதுதான். ஆனாலும் இனிச் சேர்க்கும் புதிய இலக்கங்களாவது தப்பும்.

கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்கலாமா?

எடுக்கலாம், சட்டமே அந்த உரிமையைச் சொல்கிறது. திரும்ப எடுத்ததற்கு முன்பு நடந்ததை அது மாற்றாது, ஆனால் அதன் பிறகு உங்கள் விபரத்தைச் சம்மதத்தின் பேரில் பயன்படுத்தக்கூடாது. ஆய்வு செய்பவர்கள் 'இன்ன திகதி வரை சொன்னால் உங்கள் பதிலை முழுதாக எடுத்துவிடலாம், அச்சான பிறகு முடியாது' என்று முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இந்தச் சட்டம் இப்போது முழுதாக நடைமுறையில் இருக்கிறதா? எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துமா?

பகுதி பகுதியாக நடைமுறைக்குக் கொண்டுவரும் விதத்தில்தான் சட்டத்தை எழுதினார்கள். 2025 மார்ச்சில் வரவேண்டிய முக்கிய பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமிருக்கிறது. வீட்டு விஷயத்துக்காக, சொந்தத் தேவைக்காகத் தனி ஆள் வைத்திருக்கும் விபரத்துக்குச் சட்டம் பொருந்தாது, ஆகவே தங்கச்சியின் கலியாண அல்பத்துக்கு யாரும் படிவம் நிரப்பத் தேவையில்லை. சங்கம், கழகம், நிறுவனம், ஆய்வு என்று வந்தால் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு நடப்பதே நல்லது. சட்டம் முழுதாக வரும் வரை மரியாதையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சம்மதம் கேட்கும் பேச்சு எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி தர முடியுமா?

வாசிக்கக் கொடுப்பதைவிட வாயால் சொல்வது எங்கள் பக்கம் பொருத்தம். நான் பயிற்சிகளில் கொடுப்பது இப்படி:

"வணக்கம் அக்கா. நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். தோட்டத்துப் பெண்கள் பேஸ்புக்கை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதப் போகிறேன். உங்களோடு அரை மணித்தியாலம் பேச வேண்டும். உங்கள் பெயர், தோட்டத்தின் பெயர் எழுத மாட்டேன். குரலைப் பதிவு செய்யட்டுமா? வேண்டாம் என்றால் கையால் எழுதிக்கொள்கிறேன். பதிவை நானும் என் விரிவுரையாளரும் மட்டும் கேட்போம், ஆய்வு முடிந்ததும் அழித்துவிடுவேன். இதனால் உங்களுக்குக் காசோ வீடோ கிடைக்காது, பேசாவிட்டாலும் எந்த நட்டமும் வராது. துரைக்கோ சங்கத்துக்கோ எதுவும் சொல்ல மாட்டேன். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், நிறுத்திவிடலாம். யோசித்து நாளைக்குச் சொன்னாலும் சரி."

பிறகு ஒரு வேலை செய்யுங்கள்: "நான் சொன்னதில் உங்களுக்கு என்ன விளங்கியது?" என்று கேளுங்கள். அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லும்போதுதான் எங்கே விளங்கவில்லை என்று தெரியும். 'காசோ வீடோ கிடைக்காது' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். படிவத்தோடு வருகிற எவரையும் வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் எடுக்க வந்தவர் என்று நினைக்கும் குடும்பங்கள் நிறைய.

என் படத்தை அனுமதியில்லாமல் போட்டுவிட்டார்கள், பரவுகிறது. முதலில் என்ன செய்வது?

அழிக்கும் முன் ஆதாரம் எடுங்கள்: பதிவின் லிங்க், போட்டவரின் கணக்கு, திகதி தெரியும் ஸ்கிரீன்ஷொட். பிறகு அந்தத் தளத்திலேயே முறைப்பாடு செய்யுங்கள். இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவும் சமூக ஊடக முறைப்பாடுகளை எடுக்கிறது. பெண்களுக்கு 1938, பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் 1929. மிரட்டல் இருந்தால் பொலிசுக்கும் போங்கள், தனியாகப் போகாமல் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு.

அந்தரங்கப் படம் என்றால், 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டொப்என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது. உங்கள் படம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஒரு குறியீட்டை மட்டும் உருவாக்கி, இணைந்துள்ள தளங்களுக்குக் கொடுப்பார்கள். அதே படத்தை யாராவது ஏற்றினால் அந்தத் தளங்களால் அடையாளம் கண்டு தடுக்க முடியும். மிரட்டுகிறவருக்குக் காசு அனுப்ப வேண்டாம், ஒரு தடவை அனுப்பினால் திரும்பவும் கேட்பார். வீட்டில் உங்களை ஏசாமல் கேட்கக்கூடிய ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.